சொகுசு க்ரூஸ்ல டிரிங்க்ஸ் காச டிக்கெட்லயே சேக்கணுமா, தனியா வாங்கணுமா?

கேள்வி இதுதான். ஆளுக்கு ஒரு நாளைக்கு 500, 700, சில கப்பல்ல 1000 டாலருக்கு மேல கூட வாங்கிட்டு அப்புறம் ஒரு கிளாஸ் ஒயினுக்கு தனியா பில் நீட்டுறது அசிங்கமா இல்லையா? இல்ல, எல்லாத்தையும் டிக்கெட்ல சேத்துட்டா குடிக்கிறவன் செலவ குடிக்காதவன் தலையில கட்டுற மாதிரி ஆயிடாதா? ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கற மாதிரிதான் தோணும். நான் பத்து வருஷத்துக்கு மேல கப்பல்ல ரிசப்ஷன் டெஸ்க்ல வேலை பாத்தவன், பார் பில் தனியா போடுற கப்பல்லயும் இருந்திருக்கேன், எல்லாம் சேந்த கப்பல்லயும் இருந்திருக்கேன், அதுனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமை இருந்தா படிங்க.

பதில மொதல்லயே சொல்லிடுறேன். உண்மையான சொகுசு கப்பல், அதாவது நூறு பேர்ல இருந்து எழுநூறு எண்ணூறு பேர் வரைக்கும் போற சின்ன கப்பல், அதுல சேத்துடணும். ஆயிரக்கணக்குல ஆள் ஏத்துற பெரிய கப்பல்ல சேக்கவே கூடாது, அங்க தனியா வாங்குறதுதான் எல்லாருக்கும் நல்லது. சேக்கணும்னு சொல்றவங்க வழக்கமா "காசு மிச்சம்"ங்கற காரணத்த சொல்லுவாங்க, எனக்கு அந்த காரணத்துல பெரிய நம்பிக்கை கெடையாது. பார் கவுன்ட்டருக்கு பின்னாடி நிக்கிற ஆளு விக்கிறவரா இருக்கணுமா உபசரிக்கிறவரா இருக்கணுமாங்கறதுதான் எனக்கு விஷயம்.

பில் போடுற கப்பல்ல கடைசி ராத்திரி எப்படி இருக்கும்னு பாத்தீங்கன்னா, ரெண்டு மணி மூணு மணிக்கு எல்லா கேபினுக்கும் பில் பிரிண்ட் ஆகும், மடிச்சு கவர்ல போட்டு கதவுக்கு அடியில தள்ளிட்டு வருவாங்க, காலைல அஞ்சரைக்கெல்லாம் டெஸ்க் முன்னாடி க்யூ நிக்கும். ஒரு தடவ ஒரு வயசானவர் வந்தாரு, அந்த நேரத்துக்கே ஷேவ் பண்ணி கோட்டு போட்டு, மூக்கு நுனியில கண்ணாடி, கையில நாலு பக்க பில்லு, ஒவ்வொரு வரிக்கும் பென்சில்ல டிக் அடிச்சிருக்காரு. ஒரே ஒரு வரில மட்டும் டிக் இல்ல, சுத்தி வட்டம். 11 டாலர், ஜின் டானிக், ராத்திரி பதினொன்னே முக்கால். "இந்த நேரத்துக்கு நான் தூங்கிட்டேன்"னு சொன்னாரு, கோவமில்லாம, ரொம்ப மரியாதையா. நான் உள்ள போய் அன்னிக்கு பார்ல கையெழுத்து வாங்குன ரசீது கட்ட பிரிச்சு தேடி எடுத்துட்டு வந்து வெச்சா, கையெழுத்து அவரோட மனைவி போட்டது. அந்தம்மா பக்கத்துலயேதான் நிக்கிறாங்க, சுவத்துல மாட்டியிருந்த படத்தையே பாத்துட்டு இருந்தாங்க. அவரு கண்ணாடிய கழட்டி பையில வெச்சாரு, "சரி"ன்னாரு, ரெண்டு பேரும் லிஃப்ட் பக்கம் போயிட்டாங்க. பதினாலு நாள் பயணம், ரெண்டு பேருக்கும் இருபதாயிரம் டாலருக்கு கொறையாம ஆகியிருக்கும், அந்த கப்பல்ல அவங்க கடைசியா பேசுனது அந்த பதினோரு டாலர பத்திதான்.

இதுக்கு பொருளாதாரத்துல ஒரு பேரே இருக்கு, காசு குடுக்குற வலி. 1998ல ட்ரேஸன் ப்ரெலக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன்னு ரெண்டு பேரு இத பத்தி விளக்கமா எழுதுனாங்க. அனுபவிக்கிற நேரமும் காசு குடுக்குற நேரமும் ஒன்னா இருந்தா ரசிக்கறதுல ஒரு பகுதி அந்த வலியே தின்னுடும், முன்னாடியே கட்டி முடிச்சிட்டா அந்த நேரத்துல ஓசி மாதிரியே தோணும்ங்கறதுதான் சாராம்சம். விடுமுறைக்கு முன்கூட்டி காசு கட்டறதுக்கு இத விட நல்ல காரணம் கெடைக்காது. டிக்கெட் காசு கட்டி ஆறு மாசம் ஆயிருக்கும், அந்த வலி மறந்தே போயிருக்கும், கப்பல்ல ஏறுனப்புறம் ஒவ்வொரு கிளாஸுக்கும் அத மறுபடி கெளறி விடுறதுல யாருக்கு என்ன லாபம்.

சரி, வரலாறு பக்கம் கொஞ்சம் வரேன். கடலுக்கும் குடிக்கும் உள்ள சொந்தம் பழசு, அமெரிக்காவுல மதுவிலக்கு இருந்த 1920ல இருந்து 1933 வரைக்கும் குடிக்கறதுக்காகவே கப்பல் ஏறுன கூட்டம் உண்டு, எந்த ஊருக்கும் போகாம கடல்ல நாலு நாள் சுத்திட்டு திரும்பி வர்ற பயணத்துக்கெல்லாம் டிக்கெட் வித்துச்சு. அமெரிக்க கொடி போட்ட லெவியாதன் மாதிரி பிரம்மாண்டமான கப்பல்ல பார் மூடிக் கெடந்தப்ப பிரிட்டிஷ் கப்பலுங்க காட்டுல மழை. ஆனா அப்பல்லாம் குடிச்சதுக்கு காசு தனிதான், டிக்கெட்ல சேக்குறதுங்கற யோசனை ரொம்ப பின்னாடி வந்தது. நிலத்துல பாத்தா 1950ல ஆரம்பிச்ச க்ளப் மெட் ரிசார்ட்ல ஒரு காலத்துல சாப்பாட்டோட ஒயின் சேந்து இருந்துச்சு, பார்ல குடிக்கறதுக்கு மட்டும் கழுத்துல மாட்டியிருந்த மணி மாலையில இருந்து மணிய கழட்டி குடுத்தாங்க. பர்ஸ் எடுக்க வேண்டாம், நோட்டு எண்ண வேண்டாம். காசு குடுக்குற வலிக்கு யாரோ ஒருத்தர் அப்பவே மருந்து கண்டுபுடிச்சிட்டாங்கன்னு இத படிக்கிறப்பல்லாம் எனக்கு தோணும், மணியும் காசு குடுத்து வாங்குனதுதான்ங்கறது வேற விஷயம்.

கப்பல்ல பாத்தா சில்வர்ஸீங்கற சொகுசு கப்பல் கம்பெனி 1994ல ஆரம்பிச்சப்பவே எல்லாம் சேந்த கட்டணம்னுதான் ஆரம்பிச்சாங்க. கிரிஸ்டல் ரொம்ப வருஷம் தனி பில் போட்டுட்டு இருந்துட்டு 2012ல மாத்துனாங்க, சொகுசுன்னு பேர் வெச்சுக்கிட்டு பில் போட்டா பக்கத்து கப்பலுக்கு ஆள் போயிடுதுன்னு அவங்களுக்கும் புரிஞ்சிருக்கும். இன்னிக்கு ரீஜன்ட், சீபோர்ன், சீட்ரீம், புதுசா வந்த ரிட்ஸ் கார்ல்ட்டன், எக்ஸ்ப்ளோரா எல்லாமே சேத்துதான். ஆனா எல்லாரும் அப்படி இல்ல. ஜெர்மன்காரங்களோட ஹபாக் லாய்டு யூரோப்பா, கப்பல்கள்லயே உச்சத்துல வெச்சு பேசப்படறது, அதுல ஆல்கஹால் தனி பில்தான். குனார்டு கம்பெனியில க்வீன்ஸ் க்ரில்ங்கற உசந்த வகுப்பு சூட்ல, அதாவது பெரிய ரூம்ல, போறவங்களுக்கும் பார்ல பில் உண்டு. வைக்கிங் நடுவுல நிக்கிறாங்க, மதியம் ராத்திரி சாப்பாட்டோட பீர் ஒயின் சேந்தது, மத்ததுக்கு காசு, இல்லன்னா மொத்தமா ஒரு தொகை கட்டி வாங்குற டிரிங்க்ஸ் பேக்கேஜ். அதுனால சொகுசுன்னாலே சேந்துதான் இருக்கணும்னு எந்த சட்டமும் இல்ல, யூரோப்பாவுல போறவங்க யாரும் ஏமாந்த பசங்களும் இல்ல.

இப்ப கணக்கு. ஒரு ஒயின் பாட்டில் 750 மில்லி, கிளாஸுக்கு 150 ஊத்துனா அஞ்சு கிளாஸ். கப்பல் கம்பெனி மொத்தமா வாங்கும், நடுக்கடல்ல விக்கிறதுக்கு பெரும்பாலும் உள்ளூர் கலால் வரி கெடையாது. பாட்டில் எட்டு டாலர்னு வெச்சுக்குங்க, கிளாஸ் அடக்கம் ஒன்னரை டாலர் சொச்சம். அதயே பில் போடுற கப்பல்ல பத்து பன்னெண்டு டாலருக்கு விப்பாங்க, மேல 18ல இருந்து 20 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். அதுனால குடிக்கிறவர் கண்ணுக்கு தெரியற விலை வேற, கம்பெனிக்கு ஆகுற அடக்க விலை வேற, இத புரிஞ்சிக்காம பேசறதாலதான் பாதி சண்டை வருது. சொகுசு கப்பல்ல சராசரியா ஆளுக்கு ஒரு நாளைக்கு அடக்க விலையில இருபது டாலர் ஆகுதுன்னு உதாரணத்துக்கு வெச்சுக்குவோம், 700 டாலர் டிக்கெட்ல அது மூணு சதவீதம். சூட்ல போட்டிருக்கற பளிங்குக்கும், தெனம் ரெண்டு தடவ ரூம் க்ளீன் பண்ற ஆளுக்கும், எரிபொருளுக்கும், துறைமுக கட்டணத்துக்கும் குடுக்குறது இத விட எவ்வளவோ ஜாஸ்தி. நீங்க ஸ்பா பக்கமே போகாதவரா இருந்தாலும் அந்த எடத்துக்கு காசு குடுத்துட்டுதான் இருக்கீங்க, ஜிம்முல கால் வைக்காதவரும் ட்ரெட்மில்லுக்கு குடுக்குறாரு, அத பத்தி யாரும் சண்டை போட்டு நான் பாத்ததில்ல.

அதே இருபது டாலர ஒரு நாளைக்கு 150 டாலர் வாங்குற பெரிய கப்பல்ல சேத்தீங்கன்னா பதிமூணு சதவீதம் ஏறிடும். குடும்பத்தோட போறவங்க, குழந்தைங்க, குடிக்காதவங்க, சிக்கனமா போகணும்னு வந்தவங்க எல்லாருக்கும் அது உறைக்கும். அங்க இன்னொரு விஷயமும் இருக்கு, யாரும் அதிகம் பேசறதில்ல. ராயல் கரீபியன் கம்பெனியோட 2019 வருமானம் சுமார் 1095 கோடி டாலர், அதுல 309 கோடி கப்பலுக்குள்ள செலவழிச்சதுல இருந்தும் மத்த வகையிலயும் வந்தது, கிட்டத்தட்ட 28 சதவீதம். பார், சூதாட்டம், கரையில சுத்தி காட்டுறது, இன்டர்நெட், போட்டோ எல்லாம் இதுக்குள்ள வரும். இந்த காசு வரும்னு நம்பித்தான் டிக்கெட்ட அந்த விலைக்கு விக்க முடியுது. அதாவது பெரிய கப்பல்ல குடிக்கிறவனும் சூதாடுறவனும் சேந்து குடிக்காதவனோட டிக்கெட்டுக்கு மானியம் குடுத்துட்டு இருக்காங்க! சின்ன கப்பல்ல உல்டா, குடிக்காதவர் கொஞ்சம் குடிக்கிறவருக்கு குடுக்குறாரு. குடிக்காதவங்க ரெண்டாவத பத்தி மட்டும் கோவப்படறாங்க, மொதல் வகை மானியத்த வாங்கிட்டு ஒரு வார்த்தை சொல்றதில்ல, அது மனுஷ சுபாவம்தான் விடுங்க.

ஓசில கெடைச்சா பினாயிலயும் குடிப்பான்னு ஒரு பேச்சு இருக்குல்ல, சேத்துட்டா எல்லாரும் குடிச்சே கவுந்துடுவாங்கன்னு பயப்படறவங்களுக்காக சொல்றேன், அந்த பயம் சும்மா இல்ல. 2004ல யூரி க்னீஸியும் கூட ரெண்டு பேரும் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, இஸ்ரேல்ல ஹைஃபாவுல ஒரு ரெஸ்டாரன்ட்ல ஆறாறு பேரா உக்கார வெச்சு சாப்பிட விட்டாங்க. அவங்கவங்க பில்ல அவங்கவங்களே கட்டுனப்ப ஆளுக்கு சராசரி 37 ஷேக்கல், மொத்த பில்ல ஆறா பிரிச்சப்ப 51, முழுசா ஓசின்னப்ப 82. டபுளுக்கு மேல. அது ஒரு வேளை சாப்பாடு, திரும்ப வரப்போறதில்ல, அதுனால ஒரு கை பாத்துட்டாங்க. பதினாலு நாள் கப்பல்ல வேற மாதிரி நடக்கும். எல்லாம் சேந்த கப்பல்ல மொத ரெண்டு ராத்திரி பார் அதிரும், நல்லா உடுத்திக்கிட்டு வந்தவரெல்லாம் ஒரே நேரத்துல ரெண்டு கிளாஸ் புடிச்சிட்டு நிப்பாரு. மூணாம் நாள் காலைல தலைவலி மாத்திர கேட்டு டெஸ்க்குக்கு ஆள் வரும். நாலாம் நாள்ல இருந்து எல்லாம் அடங்கிடும், அந்த கூட்டத்துக்கு வயசும் அறுபது எழுவது, நாளைக்கும் கெடைக்கும்னு தெரிஞ்சப்புறம் இன்னிக்கே முடிக்கணும்ங்கற வெறி போயிடும்.

உண்மையிலயே குடிச்சு தீக்குற கூட்டத்த பாக்கணும்னா பெரிய கப்பல்ல டிரிங்க்ஸ் பேக்கேஜ் வாங்குனவங்கள பாருங்க. ஒரு நாளைக்கு 90 டாலர் பேக்கேஜ், ஒரு காக்டெயில் 14 டாலர், போட்ட காச எடுக்க தெனமும் ஆறேழு கிளாஸ் குடிக்கணும், துறைமுகத்துல எறங்கி ஊர் சுத்துற நாள்லயும் சேத்துதான். அதுனால சாயங்காலம் நாலு மணிக்கு கையில போன வெச்சு இதுவரைக்கும் எத்தனைன்னு கணக்கு போட்டுட்டு இருப்பாங்க, விடுமுறைக்கு வந்துட்டு ஷிஃப்ட் வேலை பாக்குற மாதிரி. கார்னிவல்ங்கற கப்பல் கம்பெனியில 24 மணி நேரத்துக்கு 15 ஆல்கஹால் டிரிங்க்னு வரம்பே வெச்சிருக்காங்க. பதினஞ்சு! அந்த எண்ணிக்கைய ஒரு இலக்கா எடுத்துக்கறவங்களையும் நான் பாத்திருக்கேன். அதோட ஒரே கேபின்ல ஒருத்தர் பேக்கேஜ் வாங்குனா இன்னொரு பெரியவரும் வாங்கியே ஆகணும்னு ராயல் கரீபியன், கார்னிவல்ல எல்லாம் விதி இருக்கு, ஒரே கார்டுல ரெண்டு பேர் குடிச்சிடுவாங்கன்னு. கணவர் குடிக்கிறாரு மனைவி குடிக்கறதில்லன்னா அந்தம்மா தலையிலயும் தண்டமா 90 டாலர். குடிக்காதவங்களுக்கு நடக்குற நெஜமான அநியாயம் இங்கதான் நடக்குது, சொகுசு கப்பல்ல இல்ல.

"அப்ப சொகுசு கப்பல்லயும் ரெண்டு விலை வெக்கலாமே, குடிக்கிறவருக்கு ஒன்னு குடிக்காதவருக்கு ஒன்னு"ன்னு கேப்பீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. சீட்ரீம் கப்பல்ல மொத்தமே 112 பயணிங்க. ராயல் கரீபியனோட பெரிய கப்பல் ஐகான் ஆஃப் தி சீஸ்ல ரூமுக்கு ரெண்டு பேர்னு வெச்சாலே 5610 பேர். அஞ்சாயிரம் பேர் போற எடத்துல கார்ட தேய்ச்சா மெஷின் சொல்லிடும் இவரு வாங்கியிருக்காரா இல்லையான்னு, யாரும் யாரையும் தெரிஞ்சிக்கறதில்ல. நூத்தி பன்னெண்டு பேர்ல சாயங்காலம் டெக்ல எல்லாரும் ஒரே வட்டமா உக்காந்து பேசிட்டு இருக்கப்ப, வெயிட்டர் தட்டுல ஷாம்பெயின் கொண்டு வந்து இவருக்கு உண்டு அவருக்கு இல்லன்னு தாண்டிப் போனா எப்படி இருக்கும். இல்ல இவரு தன் கிளாஸ அவருக்கு குடுத்தா வெயிட்டர் போய் புடுங்குவாரா. அந்த வேலைய செய்ய ஆளும் மெஷினும் வெச்சா அதுக்கு ஆகுற செலவு, மிச்சம் புடிக்கிறத விட ஜாஸ்தியா போயிடும். அதுனால சின்ன கப்பல்ல ஒன்னு எல்லாருக்கும் சேக்கணும், இல்ல யாருக்கும் சேக்கக் கூடாது, நடுவுல வழி இல்ல.

இப்ப நான் மொதல்ல சொன்ன விக்கிறவர், உபசரிக்கிறவர் விஷயம். பில் போடுற கப்பல்ல பார்ல நிக்கிற பையன் கிட்ட ஒரு நாளைக்கு எவ்ளோ வித்தான்னு கேப்பாங்க. சர்வீஸ் சார்ஜ் அவன் வருமானத்துல பெரும்பகுதி, குடும்பத்துக்கு அனுப்புற காசே அதுல இருந்துதான் வரும். அதுனால நீங்க புக் படிச்சிட்டு இருக்கப்ப வந்து இன்னிக்கு ஸ்பெஷல் காக்டெயில்னு கலர் கிளாஸ காட்டுவான், அந்த கிளாஸ வீட்டுக்கு எடுத்துட்டு போகலாம் கூட நாலு டாலர்னு சொல்லுவான். அவன் மேல தப்பே இல்ல. அதே பையன் அடுத்த காண்ட்ராக்ட்ல எல்லாம் சேந்த கப்பலுக்கு வந்தா ஆளே மாறிடுவான். ஒரு அம்மா தெனம் சாயங்காலம் ஆறரைக்கு வருவாங்க, ஆல்கஹாலே தொடமாட்டாங்க, டானிக் வாட்டர்ல எலுமிச்சை தோல் மட்டும், ஐஸ் மூணு கட்டிக்கு மேல கூடாது. ரெண்டாவது நாள்ல இருந்து அவங்க கதவ தாண்டி உள்ள வர்றப்பவே அந்த கிளாஸ் ரெடியா நிக்கும். பில் கப்பல்ல இருந்திருந்தா அந்தம்மா அவனுக்கு மூணு டாலர் கஸ்டமர், அவ்ளோதான், அவங்க பக்கம் திரும்பவே நேரம் இருந்திருக்காது. இதுக்கு ஒரு விலையும் இருக்கு, நல்லா விக்கத் தெரிஞ்ச பார்டெண்டர் பில் கப்பல்ல சம்பாதிக்கிறத சேந்த கப்பல்ல சம்பாதிக்க முடியாது, என்கூட இருந்த ரெண்டு பேர் அதுக்காகவே திரும்பி போனாங்க.

அந்தம்மா கதையிலயே இன்னொன்னும் இருக்கு. குடிக்காதவருக்கு ஒன்னுமே கெடைக்கலன்னு சொல்றது சரியில்ல. பில் கப்பல்ல பாட்டில் தண்ணிக்கு காசு, எஸ்ப்ரெஸோவுக்கு காசு, ஃப்ரெஷ் ஜூஸுக்கு காசு, ஆல்கஹால் இல்லாத மாக்டெயிலுக்கு காக்டெயில் விலையில முக்கால்வாசி. எல்லாம் சேந்த கப்பல்ல இது எதுக்கும் பில் கெடையாது. ஆனா கப்பல் கம்பெனிங்கள நான் திட்டுறதும் இந்த எடத்துலதான், ஒயின் லிஸ்ட் பன்னெண்டு பக்கம் போடுறாங்க, ஆல்கஹால் இல்லாதது கடைசி பக்கத்துல நாலு வரி, அதுலயும் மூணு சர்க்கரைத் தண்ணி. சேத்துட்டோம்னு சொல்றவங்க குடிக்காதவருக்கும் அதே அக்கறையோட ஒரு லிஸ்ட் போடணும். அத செய்யாத கப்பல்ல குடிக்காதவங்க கோவப்பட்டா நான் அவங்க பக்கம்தான்.

இன்னொரு சூட்சுமம், சேந்ததுன்னா எல்லாமே சேந்தது இல்ல. சாப்பாட்டு நேரத்துல ஸோமெலியே, அதாவது ஒயின் பரிமாறுற நிபுணர், அன்னிக்கு ரெண்டு சிவப்பு ரெண்டு வெள்ளைன்னு எடுத்து வெச்சிருப்பாரு, அது போக ஒரு தனி லிஸ்ட் இருக்கும், பழைய போர்டோ ஒயின், பேர் போன ஷாம்பெயின், அதுக்கு பாட்டிலுக்கு விலை. இது தப்புன்னு சில பேர் குதிப்பாங்க, எனக்கு அப்படி தோணல. ஐநூறு டாலர் பாட்டில சேத்துட்டா நாலு பேரு அதத்தான் தெனம் கேப்பாங்க, மத்தவங்க டிக்கெட் ஏறும், அப்ப நெஜமாவே தலையில கட்டுறதாயிடும். தப்பு எங்கன்னா, சேந்த ஒயின வேணும்னே மட்டமா வெச்சு அந்த தனி லிஸ்ட் பக்கம் தள்ளுறதுல. ஒரு கப்பல்ல அப்படி நடந்தத நானே பாத்தேன், சீசன் பாதியில ஹவுஸ் ஒயின, அதாவது டிக்கெட்ல சேந்த ஒயின, மாத்திட்டாங்க, பயணிங்களுக்கு மூணே நாள்ல நாக்கு சொல்லிடுச்சு, டெஸ்க்ல நின்னு திட்டு வாங்குனது நாங்க.

"சேந்தது"ங்கற வார்த்தையே நிலையில்லாதது, அதையும் பாருங்க. செலிப்ரிட்டிங்கற கப்பல் கம்பெனி 2020 நவம்பர்ல டிரிங்க்ஸ், வைஃபை, டிப்ஸ் மூணும் எப்பவும் சேந்ததுன்னு பெருசா அறிவிச்சாங்க, சில வருஷத்துலயே டிப்ஸ் அதுல இருந்து கழண்டு போச்சு. ஐரோப்பாவுல சில பயணத்துல ஐரோப்பிய ஒன்றியத்து துறைமுகம் மட்டுமே வந்தா பார் பில்லுல வாட் வரி ஏறும், நடுவுல ஜிப்ரால்டர் மாதிரி ஒன்றியத்துக்கு வெளிய இருக்கற எடம் ஒன்னு வந்தா கணக்கு மாறும். சேந்த கப்பல்ல அந்த தலைவலி கம்பெனியோடது, பில் கப்பல்லயா இருந்தா உங்களோடது.

அதுனால நீங்க ரெண்டு பேருமே குடிக்கறதில்லைன்னா, சொகுசும் வேணும்னா, யூரோப்பா மாதிரி தனியா பில் போடுற கப்பல பாருங்க, ஆனா தண்ணி, காபி, ஜூஸ் வெலைய கேட்டு பதினாலு நாளைக்கு பெருக்கி பாத்துட்டு சேந்த கப்பல் டிக்கெட்டோட ஒப்பிடுங்க, சில சமயம் வித்தியாசமே வராது. ஒருத்தர் குடிப்பாரு ஒருத்தர் குடிக்க மாட்டாருன்னா சேந்த கப்பல்தான், யோசிக்கவே வேண்டாம். எப்படி இருந்தாலும் புக் பண்றதுக்கு முன்னாடி ஏஜென்ட்ட மூணு விஷயம் எழுத்துல கேளுங்க: எந்தெந்த பிராண்டு சேந்தது, ரூம்ல இருக்கற மினிபார் சேந்ததா, டிப்ஸ் சேந்ததா. "எல்லாமே சேந்ததுதான் சார்"னு போன்ல சொன்னா ஒத்துக்காதீங்க, மெயில்ல அனுப்ப சொல்லுங்க.